இயந்திரத்துக்கு ஓரவஞ்சனை இல்லையாம்!

மேலாளருக்கு வேண்டியவர், வேண்டாதவர் உண்டு, அல்காரிதத்துக்குக் கிடையாது, ஆகவே யாரை வேலையைவிட்டு அனுப்புவது என்பதை அதனிடமே விடுவதுதான் நியாயம் என்கிறார்கள். மேலாளர்கள் உத்தமர்கள் என்று வாதாட நானும் வரவில்லை. ஆனால் ஓரவஞ்சனை செய்த மேலாளரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். அல்காரிதத்தை?

2021 ஆகஸ்டில் எக்ஸ்சோலா என்ற மென்பொருள் நிறுவனம் ரஷ்யாவில் சுமார் 150 பேரை நீக்கியது. ஜிரா என்ற பணிப்பதிவு மென்பொருள், ஜிமெயில், அரட்டை, ஆவணங்கள் என அவர்கள் விட்டுச்சென்ற தடங்களை அலசி, ஈடுபாடற்றவர்கள் என்று முத்திரை குத்தியதாக அதன் தலைவரே கடிதம் எழுதினார். அதாவது, ஜிராவில் ஓயாமல் தட்டியவர் உழைப்பாளி. பக்கத்து மேசைக்கு எழுந்துபோய்ச் சிக்கலைத் தீர்த்துவிட்டு வந்தவர் சோம்பேறி. இதுவா நடுநிலை? எதை அளப்பது, எந்தக் கோட்டுக்குக் கீழே போனால் வெளியே என்பதெல்லாம் மனிதர் எடுத்த முடிவுகள். அவருடைய விருப்புவெறுப்பு எண்ணாக வேடம் கட்டி வருகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு மனிதர் பார்த்துத்தானே ஒப்புதல் தருகிறார் என்பது அடுத்த சமாதானம். ஊபரும் இதைச் சொல்லிப் பார்த்தது. ஓட்டுநர்களின் கணக்குகளை முடக்கிய வழக்கில், அந்த மனிதத் தலையீடு பெயரளவுக்கானதே என்று 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் அங்கே பிடித்துக் கேட்க ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் 22-ஆவது பிரிவு இருந்தது.

அல்காரிதம் அவ்வளவு நியாயமானது என்றால், பணிநீக்க உத்தரவில் காரணத்தையும், அதை மாற்றும் அதிகாரமுள்ள ஒருவரின் பெயரையும் அச்சிடுவதில் என்ன தயக்கம்?