தோல் கச்சைக்கு எத்தனை நாள் காத்திருப்பது?



செயற்கைக்கால் போட்டு நடக்கும் எங்களில் பலரிடம் ஒரே கேள்விதான் இருக்கின்றது. "கச்சைக்கு அளவெடுத்து இத்தனை நாளாகிவிட்டது. இன்னும் வரவில்லை. எவ்வளவு காலம் பொறுத்திருப்பது? போய்க் கேட்டால் கோபிப்பார்களோ?" கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவரும் அண்மையில் இதையே என்னிடம் கேட்டார். மூன்று மாதமாகக் காத்திருக்கிறாராம். அதுவரையில் பழைய கச்சையின் அறுந்த வாரைச் சைக்கிள் ரியூப்பினால் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வருகிறார்.

அந்தச் சைக்கிள் ரியூப் எனக்கும் தெரிந்த உறவுதான். 1999 ஆம் ஆண்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். மிஞ்சிய கால் மிகவும் கட்டை. அப்படிப்பட்ட காலுக்குக் கூடு மட்டும் போட்டால் பிடிமானம் காணாது. ஆகவே தொடையைச் சுற்றித் தோலினால் ஒரு கச்சை செய்து, அதனை முழங்காலின் இரு பக்கமும் இரும்புச் சட்டத்தால் கூட்டோடு இணைத்து விடுவார்கள். முன்பக்கம் சப்பாத்துக்குக் கட்டுவது போல நூல் கோர்த்து இறுக்க வேண்டும். உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தொடை தாங்கிக்கொள்ளும். முழங்காலும் பக்கவாட்டில் ஆடாது. இப்போது பல இடங்களில் பிளாஸ்ரிக்கும் ஒட்டுப் பட்டியும் வந்துவிட்டன. என்றாலும் என்னைப் போன்ற பழைய ஆட்கள் பலர் இன்னும் தோலோடுதான் இருக்கின்றோம்.

ஜெய்ப்பூர்க் கால் என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு வடக்கில் குறைவு. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தி என்ற எலும்பு வைத்திய நிபுணரும் சேர்ந்து 1968 இல் உருவாக்கிய ரப்பர்ப் பாதம் அது. சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், வயலில் இறங்கலாம், சப்பாணி கட்டி இருக்கலாம் என்பதால் எங்களைப் போன்ற நாடுகளுக்குப் பொருந்தியது. யாழ்ப்பாணத்தில் 1987 இலேயே இதற்கென ஒரு நிலையம் தொடங்கிவிட்டது. அந்தப் பாதத்தை யாரும் உங்களுக்கென்று புதிதாகச் செய்வதில்லை. அளவளவாகச் செய்து அலுமாரியில் வைத்திருப்பார்கள். கூட்டைக்கூட, பிளாஸ்ரர் அச்சு எடுத்தபின் சூடாக்கிய பிளாஸ்ரிக் தகட்டை அதன்மேல் படியவைத்து, கெதியாகவே முடித்துவிடலாம். எங்களைக் காக்க வைப்பது அநேகமாகத் தோல் வேலைதான்.

ஏன் என்று விளங்கிக்கொண்டால் எதற்குப் பொறுக்க வேண்டும், எதற்குப் பொறுக்கக் கூடாது என்பது தெரியும்.

எல்லாத் தோலும் கச்சைக்கு உதவாது. கடையில் வாங்கும் மெதுமெதுப்பான கைப்பையின் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. சில நாட்களிலேயே பதனிட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் அதை ஈரமாக்கி ஓர் உருவத்தின் மேல் இழுத்துக் கட்டினால் காய்ந்ததும் அந்த உருவத்தில் நிற்காது. சிலருடைய தோலுக்கு அரிப்பும் வரும். கச்சைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது பழைய தொழில். எங்கள் வறண்ட நிலங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதே ஆவாரைதான். அந்த முறையில் வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். இங்கிலாந்தில் டெவன் என்ற இடத்தில் ஓக் மரப்பட்டைத் தொட்டிகளில் ஒரு வருடத்துக்கு மேல் ஊறவைக்கும் பட்டறைகூட இருக்கின்றது. ஆகவே கையில் தோல் இல்லாத தொழிலாளி உங்களுக்கு நாள் சொன்னால், அந்த நாளுக்கு அர்த்தம் இல்லை.

தோல் கையில் இருந்தால் வேலை இப்படி நடக்கும். உங்கள் தொடையில் பிளாஸ்ரர் சுற்றி எடுத்த கோதுக்குள் பிளாஸ்ரரை ஊற்றி ஒரு தொடை செய்வார்கள். வெட்டிய தோலைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தொடையின் மேல் இழுத்துக் கயிற்றால் கட்டி, ஓரத்தில் ஆணி தட்டி, நிழலில் விடுவார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ, மாரிகாலம் என்றால் இன்னும் கூடவோ எடுக்கும். இந்த இடத்தில் அவசரப்படுத்தவே கூடாது. வெயிலில் வைத்தாலும் அடுப்படியில் வைத்தாலும் தோல் சுருங்கி விறைத்து, பிறகு வெடிக்கும். காய்ந்தபின் ஓரம் வெட்டி, உட்பக்கம் மெல்லிய தோல் ஒட்டி, கண் துளைத்து, சட்டத்தைப் பொருத்தி, உங்களுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அதன் பின்னர்தான் முடிவான தையல்.

தையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பலர் தையல்காரிகள் அல்லவா? மெசின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் ஒன்றையொன்று கொழுவி நிற்கும். ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும். நல்ல தோல் வேலைக்காரர் மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோர்த்து, குத்தூசியால் துளைத்த ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விடுவார். ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். இதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். அச்சு ஒரு நாள், காய்வதற்கு இரண்டு மூன்று நாள், வெட்டுவதும் தைப்பதும் இரண்டு நாள், நடுவில் பொருத்திப் பார்க்க ஒரு நாள். ஆறுதலாகச் செய்தாலும் இரண்டு கிழமையில் ஒரு கச்சை முடியலாம். அதற்கு மேல் போகும் நாட்கள் தோலுக்குரியவை அல்ல. உங்களுக்கு முன்னால் ஆட்கள் இருக்கின்றார்கள், அல்லது தோல் வரவில்லை, அல்லது வேலை செய்பவர் ஒருவரே அவரும் லீவு, அல்லது உங்கள் துண்டு ஏதோ ஒரு கோவைக்குள் கிடக்கின்றது. இவை எல்லாம் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

ஒருமுறை நிலையத்தில் நாள் பிந்துமென்று பட்டணத்தில் வெளியே ஒரு தோல் வேலைக்காரரிடம் கொடுத்தேன். போகும்போதெல்லாம், "அண்ணை, என்ரை கச்சை என்ன மாதிரி?" என்பேன். "முடிஞ்ச மாதிரித்தான் தங்கச்சி, வாற வெள்ளி வாருங்கோ" என்பார். ஐந்து வெள்ளிக்கிழமை போனது. ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, ஒரு நாள் கூலி. ஐந்தாம் முறை வேறு விதமாகக் கேட்டேன். "அண்ணை, தோல் வெட்டியாச்சோ? வெட்டியிருந்தால் ஒருக்காக் காட்டுங்கோ." வெட்டவே இல்லை. தோலே கொழும்பிலிருந்து வரவில்லை. மனுசன் பொல்லாதவர் அல்லர். இல்லை என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். ஆனால் அவருடைய கூச்சத்துக்கு என் காலால் விலை கொடுக்க முடியாது.

அதற்குப் பிறகு "எப்ப முடியும்?" என்று நான் எங்கேயும் கேட்பதில்லை. அதற்கு எவரும் ஒரு நாளைச் சொல்லிவிடலாம். தோல் கையில் இருக்கிறதா, எனக்கு முன்னால் எத்தனை பேர், போட்டுப் பார்க்க என்றைக்கு வரவேண்டும் என்று கேட்கின்றேன். மறுமொழியைக் கிளினிக் கொப்பியிலேயே திகதியோடு எழுதுவிக்கின்றேன். வெளியில் காசுக்குச் செய்வித்தால் தோலின் விலையை மட்டும் முற்பணமாகக் கொடுத்து, மிச்சத்தைப் போட்டு நடந்து பார்த்த பிறகு கொடுப்பது என் வழக்கம். புறப்படுவதற்கு முதல்நாள் ரெலிபோன் எடுத்துக் கேட்டால் பஸ் காசு மிஞ்சும்.

இலவசமாகத் தரும் இடத்தில் கேட்கத்தான் எங்களுக்கு வாய் வராது. "சும்மா தருகிறார்கள், அதற்குள் நாள் வேறு கேட்பதா?" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அவர் நீரிழிவினால் கால் இழந்தவர். இப்போது வரிசையில் அப்படியானவர்களும் பலர். அந்த அம்மாவுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாள் கேட்பது குறை சொல்வதல்ல. உங்கள் துண்டு தவறுப்பட்டிருந்தால் நீங்கள் கேட்டால்தான் அவர்களுக்கே தெரியவரும். கிளிநொச்சிச் சகோதரியின் விடயத்திலும் அதுதான் நடந்தது. அளவெடுத்தபின் நிலையத்திலிருந்து எடுத்த அழைப்பு அவருடைய பழைய இலக்கத்துக்குப் போயிருக்கின்றது. கச்சை பாதி முடிந்து, போட்டுப் பார்க்க ஆளில்லாமல் கிடந்தது.

பொறுத்தே ஆகவேண்டிய காத்திருப்பு ஒன்றும் உண்டு. புதிதாகக் கால் இழந்த சகோதரிகளுக்கு இது. காயம் ஆறினாலும் மிஞ்சிய காலின் வீக்கம் வற்றப் பல மாதங்கள் எடுக்கும். அவசரப்பட்டு அளவெடுத்தால் கெதியிலேயே கூடு தொளதொளத்துவிடும். அதற்காகச் சும்மா இருக்கக் கூடாது. காட்டித் தந்த மாதிரி இழுபடும் பண்டேச் சுற்றுங்கள். முழங்காலின் கீழே தலையணை வைத்துப் படுக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகினால் பிறகு எந்தக் காலும் சரிவராது.

ரியூப்பும் கயிறும் கட்டுபவர்கள் கவனியுங்கள். ரப்பருக்குள் வியர்வை தேங்கும், தோல் ஊறி உரியும். காலைக் கழற்றிக் கால் மணித்தியாலம் ஆகியும் சிவப்பு மாறாவிட்டால் அந்த இடம் நசிகின்றது என்று அர்த்தம். புண் திறந்துவிட்டால் ஆறும்வரை காலைப் போடாதீர்கள். மூன்று கிழமை கச்சைக்குக் காத்திருக்க மனமில்லாமல் நடந்து, இரண்டு மாதம் புண்ணுக்காகப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கின்றேன். தற்காலிகமாகக் கட்டத்தான் வேண்டுமென்றால் அகலமான பருத்தித் துணிப் பட்டி நல்லது. அதையும் நிலையத்தில் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

கச்சை அறுந்த பிறகு ஓடர் கொடுப்பதுதான் எங்களுடைய பெரிய கஷ்டம். வியர்வையில் தோல் உழுத்துத்தான் போகும். என்னுடையது எதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. நூல் கட்டும் இடத்தில் இரண்டு ஓரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். புதிதில் இரண்டு விரல் போகும். நாட்போக்கில் தொடைச் சதை மெலிந்து, தோலும் இழுபட்டு, ஓரங்கள் கிட்டக் கிட்ட வரும். ஒரு விரல் இடைவெளி ஆனதும் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஓரங்கள் முட்டிவிட்டால் இனி இறுக்க இடமில்லை. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் பழைய கச்சையை எறியாமல் வைத்திருந்தவர்கள்தான் நடந்தார்கள். ஆகவே புதியது வந்தாலும் பழையதைக் காயவைத்து, எலி படாத இடத்தில் தொங்கவிடுங்கள். இரவில் கழற்றியதும் உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விடுங்கள், வெயிலில் அல்ல.

அடுத்த மாதம் ஊன்றுகோலின் அடி ரப்பரைப் பற்றி எழுதுகிறேன். தேய்ந்த ரப்பரோடு மாரியில் சீமெந்துத் தரையில் நடப்பவர்கள் அதற்கு முன்னரே மாற்றிவிடுங்கள்.