பெயருக்கும் ஒரு வேலி வேண்டும்

நிலத்துக்கு வரப்பு போடுகிறோம். விதையைப் பானையில் போட்டு வேப்பிலை கலந்து காப்பாற்றுகிறோம். ஆனால் விற்கிற பொருளின் பெயரை மட்டும் வேலியில்லாத கொல்லையாக விட்டுவைத்திருக்கிறோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று சின்ன வெங்காயம், முந்திரி, பாரம்பரிய அரிசி, செக்கு எண்ணெய் என்று பல உழவர் குழுக்கள் சொந்தப் பெயரில் பாக்கெட் போடுகின்றன. "பேரைப் பதிஞ்சாச்சா?" என்று கேட்டால், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் சார், நமக்கு எதுக்கு?" என்பதுதான் பதில். அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பெரிய கம்பெனிக்காரர்கள் பெயரை எப்படிக் காக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். வணிகக்குறிச் சட்டத்தில் பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரிசி, மாவு, தேன் 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29. விதை, பச்சைக் காய்கறி 31. எந்த வகுப்பில், எந்தப் பொருளுக்குப் பதிகிறோமோ அதற்குத்தான் நேரடிப் பாதுகாப்பு.

பழைய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-வது பிரிவில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. ஒருவர் புதிதாக உருவாக்கிய சொல் ஊர் உலகமெல்லாம் பிரபலமாகிவிட்டால், அவர் தயாரிக்காத, தயாரிக்கப்போவதும் இல்லாத பொருட்களுக்கும் அதைப் பதிந்துகொள்ளலாம். இதற்குத் தற்காப்புப் பதிவு என்று பெயர். உழாத நிலத்துக்கும் வேலி போட்டுக்கொள்கிற மாதிரி. 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. அதற்குப் பதில், 'நன்கறியப்பட்ட வணிகக்குறி' என்று ஏற்கப்பட்ட பெயரை வேறு வகைப் பொருளில்கூட மற்றவர்கள் சுரண்டிப் பிழைக்க முடியாது என்று வைத்தது. இந்தக் கருத்து அதற்கு முன்பே நீதிமன்றங்களில் வேர்விட்டிருந்தது. கார் கம்பெனியின் பென்ஸ் பெயரை உள்ளாடைக்கு வைத்தவரை டெல்லி உயர் நீதிமன்றம் 1993-லேயே தடுத்தது.

"கார்க்காரன் கதை நமக்கு எதுக்கு?" என்பீர்கள். சரி, அமுலைப் பாருங்கள். அந்தப் பெயர் எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. 1946-இல் தொடங்கிய கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். மாடு வளர்க்கிற குடியானவர்களின் பெயர் அது. அதை மெழுகுவர்த்தியில் போட்டு விற்றதைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடுத்தது. கனடாவில் ஒரு கூட்டம் அமுல் பெயரில் கடை விரித்தபோது, அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2021-இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உழவர்களும் பெயரைக் காத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாம் இன்னும் அமுல் ஆகவில்லை என்பது உண்மைதான். நன்கறியப்பட்ட குறிகளின் பட்டியலில் சேர விண்ணப்பக் கட்டணமே ஒரு லட்சம் ரூபாய். அது நமக்குத் தேவையும் இல்லை. நமக்குத் தேவையான வேலி சின்னது, மலிவானது. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். ஆனால் உழாமல் வேலி மட்டும் போட்டு வைக்க இன்றைய சட்டம் விடாது. ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத பெயரை நீக்கச் சொல்லி, அதனால் பாதிக்கப்படுகிறவர் மனு போடலாம். ஆகவே இன்று விற்கிற பொருளுக்கும், அடுத்து நிச்சயமாகச் செய்யப்போகிற பொருளுக்கும் பதிந்தால் போதும்.

என்னைக் கேட்டால், குழுக்கள் 'கூட்டு வணிகக்குறி' பதிவதுதான் நல்லது. பெயர் சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினர் எல்லாரும் பயன்படுத்தலாம். யார் பயன்படுத்தலாம், என்ன செய்தால் உரிமை போகும் என்ற விதிகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்தவன் நம் பெயரில் விற்க முடியாது என்பதை நாமே அங்கே எழுதி வைக்கலாம்.

முப்பது வருடம் வங்கியில் காகிதம் பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். நாளை வேறொருவர் நம் பெயரைப் பதிந்துவிட்டாலும், அவர் பயன்படுத்தத் தொடங்கியதற்கும் பதிந்ததற்கும் முன்பிருந்தே நாம் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம் என்று நிரூபித்தால், 34-வது பிரிவு நம்மைக் காக்கும். நிரூபிக்க வாய்ச்சொல் போதாது. தேதி போட்ட பில், அச்சகத்து ரசீது, பழைய பாக்கெட், வங்கிக் கணக்கு வரவு எல்லாம் வேண்டும். ஆடு, கோழி விற்ற கணக்கைக்கூட எழுதி வைக்காத பழக்கத்தை விட்டுத்தான் ஆகணும்.

நம் பெயருக்கு வேலி கேட்கிற அதே நேரத்தில், பொதுப் பெயர்களை எவனும் வளைத்துப் போடாமலும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி இவையெல்லாம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. பொருளின் வகையை, தரத்தை, ஊரை மட்டும் சொல்கிற சொல்லைத் தனியார் குறியாகப் பதியக்கூடாது என்று சட்டத்தின் 9-வது பிரிவே சொல்கிறது. ஊர்ப்பெயரைக் காக்கப் புவிசார் குறியீட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. 2019-இல் ஈரோடு மஞ்சளுக்கும், 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் கிடைத்தது அப்படித்தான். ஆனால் சட்டத்தில் இருப்பது தானாக நடந்துவிடாது. வணிகக்குறி இதழ் வாரந்தோறும் இணையத்தில் வருகிறது. அதில் வெளியான நாலு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். நாலு மாதம் தூங்கிவிட்டால் அப்புறம் நீக்கல் மனு, வக்கீல், வாய்தா என்று அலைய வேண்டியதுதான்.

நம் இயக்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. மாவட்டத்துக்கு இரண்டு இளைஞர்கள் வாராவாரம் அந்த இதழில் 29, 30, 31 வகுப்புகளைப் புரட்டிப் பார்க்கட்டும். பாரம்பரிய ரகத்தின் பெயரை யாராவது தனக்கென்று கேட்டால் ஆட்சேபம் போட ஒரு பொது நிதி வைப்போம். குழுவுக்கு வருடம் 500 ரூபாய் போட்டால்கூடப் போதும். விதையைக் காத்துவிட்டோம். அதை நம் பெயரில் விற்கிற உரிமையையும் காப்போம்.