படம் எடுத்தால் மட்டும் போதுமா?

ஓசூரிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு ஜூஜுவாடி என்றால் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும். அதைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. எனக்கு ஜூஜுவாடி என்றால் ராகிக் கொல்லை.

1986ல் வங்கியில் புது அதிகாரி நான். பயிர்க்கடன் கொடுத்த நிலங்களைப் பார்வையிடப் போகும்போது ஒரு சின்ன கேமராவும் கூட வரும். சிப்காட் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் ஊருக்குள் மானாவாரி ராகி இருந்தது, தார் ரோட்டில் கதிரைப் பரப்பி லாரி ஏறவிட்டு மணி பிரித்தார்கள்.

போன மார்கழியில் அந்தப் பழைய படங்களோடு மறுபடி போனேன். கொல்லை இருந்த இடத்தில் வாடகை வீடுகள், பட்டறைகள், கிடங்குகள். நானும் செல்போனில் பத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். "அது ஒரு பொற்காலம் சார்" என்று பதில் வந்தது. அதோடு முடிந்தது.

முடியவிடாமல் செய்தது எண்பது வயது அம்மா ஒருவர். ராகிக்கு நடுவே மஞ்சள் பூ தெரியும் படத்தைக் காட்டி, "கடுகுதானேம்மா இது?" என்றேன்.

"இல்ல சார், உச்செள்ளு. தேனீ வரும்னு போடறது. இங்க பாருங்க, எட்டு சால் ராகி, ஒரு சால் அவரை. ஓரத்துல ஆமணக்கு. இதுக்குப் பேரு அக்கடி சாலு."

முப்பத்தெட்டு வருடம் என் பெட்டிக்குள் கிடந்த படம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று அந்தக் கொல்லையில் நின்று, "இப்படிக் கலந்து போடாதீங்க, தனி ராகி போட்டு யூரியா வைங்க" என்று புத்தி சொன்னவன் நான். கடனில் ஒரு பங்கை உரமாகவே கொடுத்தோம். மண்ணுக்குத் தழைச்சத்து கொடுத்த அவரையும், ராகி அறுத்த பின்னும் மார்கழிப் பனியில் காய்த்துக் குழம்புக்கு ஆன அவரையும் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஜூஜுவாடியை அழித்தது தொழிற்சாலை மட்டும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நண்பர்களே, மறையும் ஊரைப் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடிந்த திண்ணையை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஏரிக்கு நீர் வந்த வாய்க்கால், வரப்போரச் செடி, குதிர், கலப்பை, பரணில் கட்டித் தொங்கும் விதை, இவற்றை எடுங்கள். ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனை சால், எந்த மாதம், என்ன பேர் என்று கேட்டுப் படத்தின் பின்னால் எழுதுங்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோ சொன்னால் அந்தப் பேரையே எழுதுங்கள். எல்லையோர ஊரில் விதைக்குப் பேர் மூன்று மொழியிலும் இருக்கும்.

அஞ்செட்டிப் பக்கம் தேடி உச்செள்ளு விதை ஒரு படி வாங்கி வந்தேன். இந்த ஆடியில் என் இரண்டு ஏக்கரில், அந்த அம்மா சொன்ன கணக்கில் எட்டுக்கு ஒன்று போட்டேன். இப்போது அவரை பூத்திருக்கிறது.

விதை கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.