ஆயிரம் மைல் ஓடப் பிறந்த ஹஸ்கிக்கு புதுச்சேரி வெயில் சரிப்பட்டு வருமா?

மாலை 6 மணிக்கு கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்தியதும் வாக்கிங் கூட்டம் இறங்கிவிடும். அதற்குள் நீலக் கண்ணோடு ஒரு ஹஸ்கி வந்தால் போதும், செல்ஃபிதான். அது மூச்சிரைக்க நாக்கைத் தொங்கப்போட்டு நிற்பதை யாரும் கண்டுக்கறதில்லை.

யார் இந்த ஹஸ்கி?

சைபீரியாவின் வடகிழக்கில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வாரிசு. 1925-ல் அலாஸ்காவின் நோம் ஊரில் டிப்தீரியா பரவியபோது, சுமார் 20 ஓட்டுநர்களும் 150 நாய்களும் மாற்றி மாற்றி ஓடி, சுமார் 1,085 கி.மீ. தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை கிடைத்தது. ஆனால் மிக நீண்ட, ஆபத்தான தூரத்தை இழுத்தது டோகோ தலைமையிலான நாய்கள்.

1973-லிருந்து ஆங்கரேஜ் – நோம் இடையே நடக்கும் இடிடராட் பந்தயத்தின் தூரம் சுமார் 1,600 கி.மீ. ஓட்டுநருக்குப் பெயர் ‘மஷர்’. அவர் கையில் கடிவாளம் கிடையாது, எல்லாம் குரல்தான். ‘ஜீ’ என்றால் வலது, ‘ஹா’ என்றால் இடது. நாயின் பாதத்துக்குத் துணி உறை, ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை சாப்பாடு, நடுவில் 24 மணி நேரக் கட்டாய ஓய்வு, வழிநெடுக கால்நடை மருத்துவர்கள். இவ்வளவு செய்தும் நாய்கள் இறந்திருக்கின்றன. விலங்கு நல அமைப்புகளின் எதிர்ப்பும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பனி தேசத்திலேயே பகல் வெயில் ஏறினால் மஷர்கள் நாய்களைப் படுக்க வைத்துவிட்டு, இரவில் ஓட்டுவார்கள்.

இங்கே என்ன பிரச்சினை?

நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைக் குறைக்கும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அதனால் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. மேலே இரட்டை ரோமம். ‘ஏசி இருக்கே’ என்பார்கள். கரன்ட் போனால்? ஓடுவதற்கென்றே பிறந்த நாய்க்கு நான்கு சுவர்தான் வாழ்க்கையா?

2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒத்துவராத வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மாலமியூட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். கோரிமேடு எல்லையோடு அந்தக் கொள்கை நின்றுவிட்டது. அங்கே கூடாது என்று சொன்னது இங்கே மட்டும் சரியாகிவிடுமா? வெயில் எல்லை பார்ப்பதில்லை. புதுச்சேரி அரசும் இதே முடிவை எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் விடியற்காலையில் நடத்துங்கள். வெயில் காலம் என்று ரோமத்தை மழித்துவிடாதீர்கள், அது தோலைக் காக்கும் கவசம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இருக்கின்றன. தெருமுனைக் குட்டியும் இருக்கிறது, அதுவும் இலவசம்.

டோகோவை நிஜமாகவே பிடித்திருந்தால், அதன் வம்சத்தைப் பனியிலேயே விட்டுவிடுவதுதான் மரியாதை.