ஸ்கேன் சொல்வது பாதிதான்!

ஐம்பது வயதில் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ.யில் சின்னதாய் ஒரு வெள்ளைத் திட்டு. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியும் ஒளிரவில்லை. 'பயமில்லை' என்று சும்மா இருந்துவிடலாமா? கூடாது என்பேன்.

வெறும் அழற்சியாகவும் இருக்கலாம்தான். ஆனால் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோயும் தொடக்கத்தில் இப்படித் தென்படுவதுண்டு. சில மாதங்களிலேயே பெரிதாகிவிடும். திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்கூடச் சாதுவாகத் தெரியலாம்!

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் விதியை மாற்றியது. பெரியவர்களுக்கு வரும் ஆஸ்ட்ரோசைட்டோமாவில் ஐ.டி.எச். மரபணு மாறாமல், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு பெருகியிருந்தால், தோற்றம் எப்படியிருந்தாலும் அது 4-ம் கிரேடு கிளியோபிளாஸ்டோமாதான்.

ஆகவே சீக்கிரம் மறு ஸ்கேன். சந்தேகம் தீராவிட்டால் பயாப்சி, கூடவே மரபணுச் சோதனை. முழுதாகக் குணமாக்க இன்னும் வழியில்லை என்பது உண்மை. அதற்காக, கட்டி சின்னதாய் இருக்கும் அந்தச் சில மாதங்களையும் தொலைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.