பழைய வீட்டை வரைய ஒரு புகைப்படம் போதுமா?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில் இருக்கிறார்கள். மராமத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ள ஒத்துவராதவர்கள், இடித்து விற்பதற்கு ஒருநாள் ஒத்துவந்துவிடுகிறார்கள். பர்மா தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் போய்ச் சேர்கின்றன. குடும்பத்துக்கு மிஞ்சுவது ஆல்பத்திலோ கைபேசியிலோ இருக்கும் சில படங்கள். அவற்றில் ஒன்றை ஓவியரிடம் கொடுத்து, அக்ரிலிக்கில் பெரிதாக வரைந்து வாங்கி அடுக்ககத்தின் கூடத்தில் மாட்டுகிறவர்கள் உண்டு. இந்த ஓவியங்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் காதில் விழுகின்றன. புகைப்படம் பார்த்து வரைவது வெறும் நகல், கலையே அல்ல என்பது ஒன்று. அச்சு அசலாக போட்டோ மாதிரியே இருந்தால்தான் நல்ல ஓவியம் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: புகைப்படம் வீட்டை உள்ளது உள்ளபடி காட்டுகிறது என்பது. அந்த நம்பிக்கையே பிழை. பழைய வீட்டைப் பொறுத்தவரை புகைப்படம் ஒரு சாட்சி. குறுக்கு விசாரணை செய்யாமல் அதன் வாக்குமூலத்தை ஏற்கக் கூடாது. அந்த விசாரணைக்கு அக்ரிலிக் அளவுக்குத் தோதான வண்ணம் வேறில்லை.

முதலில் லென்ஸைக் கேட்போம். கைபேசிகளின் முதன்மைக் கேமரா, பழைய 35 மி.மீ. பிலிம் கணக்கில் ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகன்ற கோணம் கொண்டது. செட்டிநாட்டு வீட்டின் முகப்போ நீண்டது, உயர்ந்தது. எதிர்ச்சுவரில் முதுகு முட்டும் வரை பின்வாங்கினாலும் முழுதாக அடங்காது. எனவே கைபேசியைச் சற்று மேல்நோக்கிச் சாய்க்கிறோம். சாய்த்த கணமே செங்குத்தான தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன; வீடே பின்னால் விழப்போவதாகத் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்தால் கிட்டத்திலுள்ள தூண் பெருத்து, அதற்கடுத்தது திடீரெனச் சிறுத்துவிடுகிறது. நேரில் நிற்பவருக்கு இப்படித் தோன்றுவதில்லை. தூண் நேரானது என்று அறிந்த மூளை அதை நிமிர்த்தியே பார்க்கிறது. நம் ஓவியர்கள் பலர் கையாளும் கட்டம் போட்டு வரையும் முறையும், புரொஜெக்டரில் கோடிழுக்கும் முறையும் லென்ஸின் கோளாறைத் துளி சிந்தாமல் கேன்வாஸுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கட்டம் போடுவதில் தவறில்லை. அதற்கு முன் தூண்களை நிமிர்த்தி, ஒரே ஓர் அளவையாவது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நிலைக்கதவின் உயரம் தெரிந்துவிட்டால் திண்ணையின் உயரம், தூண்களுக்கு இடையிலான தூரம், ஓட்டுச் சாய்வு எல்லாம் கணக்கில் வந்துவிடும்.

வண்ணத்தில் புகைப்படம் சொல்லும் பொய் இன்னும் சுவாரசியமானது. 1930கள் வரை பரவலாகப் புழங்கிய கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. நீலத்தை அளவுக்கு மீறி உணர்பவை. அத்தகைய கருப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் வெற்று வெள்ளையாக இருக்கும். நாட்டு ஓடு ஏறக்குறையக் கரியாக இருக்கும். சுவரில் அடித்த காவிப் பட்டை கரும்பட்டையாகிவிடும். இது தெரியாமல் சாம்பல் நிறத்தின் அடர்த்தியை மட்டும் நம்பி வண்ணம் ஏற்றும் ஓவியர், காவி இருந்த இடத்தில் கருநீலத்தையோ அடர்பச்சையையோ வைத்துவிடுவார். வண்ணப் படமாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. 1970களில் அச்சிட்ட வண்ணப் படங்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் இருட்டில் கிடக்கும்போதே நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுகிறது. மிஞ்சுவது செம்மை. வெள்ளையடித்த சுவர் அதில் இளஞ்சிவப்பாக இருக்கும். அதை அப்படியே வரைந்தால், ஒருநாளும் இல்லாத ஒரு ரோஸ் நிற வீடு கூடத்தில் தொங்கும். ‘பழைய காலத்து நிறம்’ என்று வந்தவர்கள் ரசிக்கவும் செய்வார்கள். அது வீட்டின் நிறமல்ல, சாயம் வெளுத்த காகிதத்தின் நிறம்.

இதைவிட நுட்பமானது திண்ணை நிழல். நண்பகலில் எடுத்த படத்தில் தெரு வெளிறிப்போய், தாழ்வாரத்தின் உட்பகுதி கரும்பள்ளமாகக் கிடக்கும். புதிய கைபேசிகள் இதற்கு நேர்மாறு: பல வெளிச்ச அளவுகளில் எடுத்தவற்றை ஒட்டவைத்து, நிழலையும் வெயிலையும் ஒரே சமதளமாக்கிவிடும். உண்மையில் அந்தத் திண்ணை இருட்டுமல்ல, வெளிச்சமுமல்ல. வெயில் பட்ட செம்மண் தெருவிலிருந்து எழும்பும் ஒளி, இறவாணத்தின் அடிப்பக்கத்தில் இளஞ்சூடான நிறமாகத் தங்கும். நிழல் விழுந்த சுவரோ வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து வெள்ளையடிக்கும் வழக்கமும் உண்டு என்பதால் அந்தச் சுவரின் வெண்மை குளிர்ச்சியாகவே தொடங்கும். ஆண்டுகள் போகப் போகத்தான் பழுக்கும். குழாயிலிருந்து பிதுக்கிய டைட்டானியம் வெள்ளையை அப்படியே பூசினால் அது நேற்றடித்த எமல்ஷன் சுவராகத்தான் இருக்கும். அதில் துளி யெல்லோ ஓக்கர், நிழல் பக்கம் துளி அல்ட்ராமரைன் சேர வேண்டும். திண்ணையின் உட்புறத்துக்குக் கறுப்புக் குழாயைத் திறக்கவே வேண்டாம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்த அடர்நிறத்தை நீர்க்கப் பூசி, காய்ந்தபின் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தால், உள்ளே கதவு இருப்பது தெரிகிற இருட்டு கிடைக்கும்.

அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் வண்ணம், கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவருக்கு அது பொருந்துமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது பிளாஸ்டிக்தான். செயற்கைப் பிசினை நீரில் கலந்த இந்த ஓவிய வண்ணம் 1950களின் நடுவில்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்ணெய் வண்ணத்தின் மென்மையான இழைவு இதில் எளிதில் வராது; நம் ஊர் மே மாத வெயிலில் தட்டிலேயே காய்ந்துபோகும். ஈரத்தில் வெளிறித் தெரியும் பிசின் காய்ந்தபின் தெளிந்துவிடுவதால், பூசிய நிறம் ஒரு படி அடர்ந்து நிற்கும். பழகாதவர்களை இது ஏமாற்றும். ஆனாலும் பழைய சுவர் எப்படி உருவானது என்று யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று, நடுவே பெயர்ந்த காரை, அதன்மேல் சிமென்ட் ஒட்டு. அடுக்கடுக்காக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக வளர்ந்தது அது. அக்ரிலிக்கும் அப்படியே வேலை செய்கிறது. செங்கல் நிறத்தைப் பூசி, அது நிமிடங்களில் காய்ந்ததும், ஈரமில்லாத தூரிகையில் வெள்ளையை லேசாக இழுத்தால் காரை பெயர்ந்த சுவர் தானாக வருகிறது. உள்சுவரின் பளபளப்புக்குத் தெளிந்த பிசினை மட்டும் மேலே ஒரு கை பூசினால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, காய்ந்ததன் மேல் தயங்காமல் திருத்தலாம் என்பது. புகைப்படத்தை மறுத்து ஒரு முடிவெடுத்து, அதையும் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். நீர்வண்ணத்தில் இந்தச் சலுகை கிடையாது. எண்ணெய் வண்ணம் காயக் காத்திருக்க வேண்டும்.

புகைப்படம் பார்த்து வரைவது இழுக்கு என்போருக்கு ஓவிய வரலாறு ஆதரவு தருவதில்லை. மோரிஸ் உத்ரில்லோ பாரீஸின் மோன்மார்த்ர் தெருக்களைப் பட அஞ்சலட்டைகளைப் பார்த்து வரைந்தவர். ஆனால் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தீட்டிய வெள்ளைச் சுவர்களை எந்த அஞ்சலட்டையிலும் காண முடியாது. சுவரின் கரடு வருவதற்காக வண்ணத்தில் காரைக் கலவையையே சேர்த்தார். டேவிட் ஹாக்னி 1967இல் அக்ரிலிக்கில் தீட்டிய ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ இன்னும் நேரடியான சான்று. ஏறக்குறைய எட்டு அடிச் சதுரமான அந்தப் படத்தில் ஒரு கலிபோர்னியா வீடு, முன்னால் நீச்சல் குளம், யாரோ குதித்ததால் தெறித்த நீர். அந்தத் தெறிப்பு, நீச்சல் குளம் கட்டுவது பற்றிய ஒரு புத்தகத்திலிருந்த புகைப்படத்திலிருந்து வந்தது. வீடு அவர் தனியாக வரைந்து வைத்திருந்த கோட்டுச் சித்திரத்திலிருந்து வந்தது. சுவரையும் வானத்தையும் உருளையால் சமமாகப் பூசிவிட்டு, இரண்டு நொடியில் அடங்கிவிடும் தெறிப்புக்காகச் சிறு தூரிகைகளுடன் ஏறக்குறைய இரண்டு வாரம் செலவிட்டார். எங்கே நேரத்தைச் செலவிடுவது என்ற முடிவு புகைப்படத்தில் இல்லை; அது ஓவியருடையது. இழுக்கு என்று ஒன்று இருக்குமானால், அந்த முடிவை எடுக்காமல் விடுவதுதான்.

வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. இடிந்துபோன வீட்டுக்கு இந்த ஓவியம்தான் ஆவணம்; ஓவியர் இஷ்டத்துக்குத் திருத்தினால் வரலாறு கெட்டுவிடாதா? செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை என்பதால் இந்தக் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. லென்ஸ் சாய்த்த தூணை நிமிர்த்துவதும், சாயம் வெளுத்த வெள்ளையை மீட்பதும் ஆவணத்தைச் சரிசெய்யும் வேலை. தூண்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது, இல்லாத மாடத்தை வைப்பது ஆவணத்தைக் கெடுக்கும் வேலை. இந்தக் கோடு தெளிவானது. அதை நம்மவர்கள் தாண்டுவது ஏக்கத்தால்தான். வாசலில் கோலம் போடும் பாவாடை தாவணிப் பெண், ஒரு மாட்டுவண்டி, மாடத்தில் அகல்விளக்கு என்று கேட்காமலே வந்து சேர்ந்துவிடுகின்றன. கூடவே மின்கம்பி, மீட்டர் பெட்டி, கேபிள், திண்ணையோரம் நிற்கும் மொபெட் எல்லாம் மறைந்துவிடுகின்றன. மனிதர்கள் மின்விசிறிக்கடியில் படுத்துறங்கி, தொலைக்காட்சி பார்த்து வாழ்ந்த வீடு, தேதியில்லாத ஒரு காலண்டர் படமாகிறது. லென்ஸின் பொய்க்காவது இயற்பியல் காரணம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. மீட்டர் பெட்டியை விட்டுவையுங்கள் என்றால் ஓவியர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சாம்பல் பெட்டி வெள்ளைச் சுவரில் எவ்வளவு நல்ல நிறமாக அமையும் என்பது வேறு விஷயம்.

வீடு நின்றுகொண்டிருந்தால் அதன் முன் போய் உட்கார்ந்து வரையலாமே என்பது நியாயமான யோசனை. முடிந்தவர்கள் போகட்டும், காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நின்று நிறங்களைக் குறித்துக்கொண்டு வந்தாலே படத்தின் தரம் மாறும். இடிந்துபோன வீட்டுக்கு அந்த வழி கிடையாது. புகைப்படத்தை நேராகக் கேன்வாஸில் அச்சடித்துவிடலாம், ஒரு செயலி நொடியில் ஓவியமாக்கித் தரும் என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது: எது சுண்ணாம்பு, எது சிமென்ட் ஒட்டு என்று அந்தச் செயலி யாரிடமும் விசாரிக்காது. சட்டத்தையும் போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு கட்டடத்தை ஓவியமாக வரைவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அந்தக் கட்டடத்தை வேறொருவர் எடுத்த புகைப்படத்தை அப்படியே வரைவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. இணையத்தில் எடுத்த படத்தை வரைந்து விற்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே வரையச் சொல்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. நன்றாக வந்திருக்கும் ஒரு படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ‘இதே மாதிரி’ என்று சொல்வது போதாது. மங்கியவை, பாதி முகப்பு மட்டும் தெரிபவை, கல்யாணக் கூட்டத்துக்குப் பின்னால் தூண் எட்டிப் பார்ப்பவை என்று இருக்கிற எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். கதவின் உயரத்தையும், தெரு எந்தத் திசை பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். திசை தெரிந்தால்தான் எந்நேரத்து வெயில் எங்கே விழும் என்று ஓவியர் முடிவு செய்ய முடியும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரோடு ஓவியரைப் பேசவைத்தால் இன்னும் நல்லது. பட்டை காவியா பச்சையா என்பதில் பெரியவர்கள் இருவர் மாறுபட்டால் அதையும் ஓவியரிடம் சொல்லிவிடலாம். ஓவியர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேன்வாஸின் பின்புறத்தில், எந்த ஆண்டு எடுத்த, யார் எடுத்த படம், எதை நிமிர்த்தினோம், எந்த நிறத்தை யார் சொல்லி வைத்தோம், எதை ஊகித்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கேட்டு வாங்குபவர்கள் அந்தக் குறிப்பையும் கேட்டு வாங்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தாவது.