ஊருக்கே ரெட் அலர்ட்... நம்ம தெருவுக்கு? முதலியார்பேட்டை இளைஞர்களின் செல்போன் என்ன செய்ய முடியும்?

'மிக கனமழைக்கு வாய்ப்பு'ன்னு போனுக்கு மெசேஜ் வருது. சரி, பைக்கை எங்கே ஏத்தி நிறுத்துறது? ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா எந்த ரோடு திறந்திருக்கும்? அந்த மெசேஜில் இதற்குப் பதில் இருக்காது.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்பதைவிட, வந்து நின்றுவிட்டது என்பதே சரி. பல மணி நேரம் நகரவே இல்லை. மறுநாள் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவமே வர வேண்டியிருந்தது.

கடலும் காற்றும் சூடாவதால் இப்படிப்பட்ட பேய்மழை அடிக்கடி வரலாம் என்பது விஞ்ஞானிகளின் எச்சரிக்கை. வெப்பநிலை 1 டிகிரி கூடினால், காற்று சுமார் 7% கூடுதல் ஈரப்பதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கொட்டும்போது மொத்தமா கொட்டும்.

தெருவுக்குத் தெரு ஏன் மாறுது?

எவ்வளவு மழை பெய்யும் என்று வானிலை மையம் சொல்லும். தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது வாய்க்கால் அடைப்பும் ரோட்டின் உயரமும்தான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குப் போன தெருக்கள் எத்தனை! முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டி இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த சாட்டிலைட்டை விடவும் அந்தத் தெருப் பசங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஆனால் அது எங்கேயும் பதிவாவதில்லை.

சென்னை செய்து காட்டியது

2015 வெள்ளத்தின்போது அருண் கணேஷ் என்ற வரைபட வல்லுநரும் நண்பர்களும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். தண்ணீர் நிற்கும் ரோட்டைத் தொட்டால் போதும், அது குறிக்கப்பட்டுவிடும். 2,500-க்கும் மேற்பட்ட சாலைகளை மக்களே குறித்தார்கள். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இதே மாதிரியான 'பெத்தா பென்சானா' வரைபடத்தில், தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதையும் மக்களே பதிவிடுகிறார்கள்.

புதுச்சேரியில் இதைச் செய்ய பெரிய செலவில்லை. மின்கம்பம், வீட்டுப்படி என ஏதாவது ஒரு அடையாளத்தோடு சேர்த்து தண்ணீரை போட்டோ எடுக்க வேண்டும். லொகேஷன் ஆன்ல இருக்கணும்.

இங்கதான் ஒரு சிக்கல். நம்ம பழக்கம், எடுத்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுவது. சாதாரண போட்டோவாக அனுப்பினால் அதில் பதிந்திருக்கும் இடமும் நேரமும் அழிந்துவிடும். அடுத்த வருஷம் அதே படம் 'இன்றைய வெள்ளம்' என்று சுற்றும். டாகுமென்ட்டாக அனுப்பினால் விவரம் தங்கும்.

இன்னொரு சிக்கல், கரன்ட். மின்சாரம் போய் டவரும் படுத்துவிட்டால் எந்த ஆப்பும் உதவாது. அதனால் உச்சகட்ட மழையில் இதை நம்பி உட்கார முடியாது. இதன் உண்மையான பலன் மழை விட்ட பிறகுதான்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் கார்டுக்கும் தலா 5,000 ரூபாய் அறிவித்தது. கட்டில் வரை மூழ்கிய வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே தொகை. அவசரத்துக்கு அது சரிதான். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை அடி என்ற கணக்கு தேதியோடு கையில் இருந்தால், நிவாரணம் கேட்கும்போதும், அக்டோபருக்கு முன்பே எந்த வாய்க்காலை முதலில் தூர்வாரணும் என்று நகராட்சியிடம் கேட்கும்போதும், யாரும் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.